கண்மாய்க்கரை வழியாக வந்த பெயர்

போன வாரம் என் அண்ணன் பேத்தி மரிசெல் பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். குடும்பப்பெயர்களின் பூர்வீகத்தைச் சொல்லும் ஏதோ ஓர் இணையதளத்தில் எங்கள் பெயரைத் தட்டிப் பார்த்தாளாம். "மிக அரிதான பெயர். தோற்றம் தென்னிந்தியா. வேல் ஏந்திய அரச குலத்தவர்" என்று வந்ததாம். உடனே குடும்பம் முழுக்கத் துள்ளிக் குதித்திருக்கிறது. வருகிற தை மாதம் இருபது பேர் கிளம்பிப் புதுக்கோட்டைக்கு வரப்போகிறார்கள். ஆளுக்கொரு சட்டை அடிக்கக் கொடுத்தாயிற்று. நெஞ்சில் ஒரு வேல், அதன் கீழே 'பெலபராய்' என்று கொட்டை எழுத்தில் பெயர். "தாத்தா, நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களாமே? எப்படிப் போவது, எங்கே தங்குவது? நம் அரண்மனை இன்னும் இருக்கிறதா?" என்று கேட்கிறாள்.

போயிருக்கிறேன். 1962 தை மாதம். அரண்மனையின் கொல்லைப்புறத்தைக்கூடப் பார்த்திருக்கிறேன். மரிசெல்லுக்குத் தமிழ் தெரியாது, ஏதாவது இயந்திரத்தில் போட்டு மாற்றிப் படித்துக்கொள்வாள். இந்த வலைப்பூவை வழக்கமாகப் படிக்கிற பினாங்கு, ஈப்போ நண்பர்களில் பூர்வீகம் தேடிக் கிளம்பத் துடிக்கிறவர்கள் சிலர் உண்டு. அவர்களும் படிக்கட்டும். ஊர்ப்பெயரைச் சொல்ல மாட்டேன். குடும்பப் பட்டத்தையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். காரணம் கடைசியில் புரியும்.

முதலில் பெயர்க் கதை. என் அப்பா சோலை, கறம்பக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பதினேழு வயதில் ஊரைவிட்டு ஓடி, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, மலேயாவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பிறகு ஒரு சரக்குக் கப்பலில் சமையல் ஆளாகச் சேர்ந்து, கடைசியில் பிலிப்பைன்ஸில் இலோயிலோ என்கிற துறைமுகத்தில் இறங்கிவிட்டார். அங்கே என் அம்மாவைக் காதலித்தார். கல்யாணத்துக்காகக் கோயிலுக்குப் போனபோது பாதிரியார் குடும்பப்பெயர் கேட்டார். அப்பா "வேலவராயர்" என்றார். அந்த ஊர்க்காரர்கள் நாக்குக்கு 'வே' வராது, 'பெ' தான் வரும். பெலபராய் ஆகிவிட்டது. உலகத்தில் அந்தப் பெயருக்கு அதுதான் பிறந்த நாள்.

அம்மாவின் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குக் குடும்பப்பெயர் ஒரே எழுத்தில் ஆரம்பிக்கும். ஸ்பானியர்கள் ஆண்ட காலத்தில் ஒரு பெரிய பெயர்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஊருக்கு ஓர் எழுத்து என்று பிரித்துக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். அம்மா அப்பாவிடம் ஒரு தடவை, "எங்களுக்கு வெள்ளைக்காரன் கொடுத்தான். உங்களுக்கு யார் கொடுத்தது?" என்று கேட்டாளாம். "யாரும் குடுக்கல, நானே எடுத்துக்கிட்டேன்" என்றாராம் அப்பா. இதை எனக்குச் சொன்னவன் அண்ணன் ரமோன். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், நானும் சிரித்தேன்.

போரில் அம்மா போய்விட்டாள். அப்பா எங்களை இரண்டாகப் பிரித்தார். பெரியவன் ரமோன் அம்மா வீட்டாரோடு இலோயிலோவில் தங்கிவிட்டான். சின்னவன் நான், அப்பாவோடு பினாங்கு வந்து சேர்ந்தேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து அங்கேயே வாத்தியார் ஆனேன். கறம்பக்குடிப் பக்கத்து ஆள் யாராவது எங்கள் வரிசையில் குடிவந்தால் அப்பா அடுத்த மாதமே வேறு வீடு பார்த்துவிடுவார். ஊர்க்காரர்கள் என்றால் கடன் கேட்பார்கள், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஊரைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார். பெரிய வீடு, கிழக்கே கிணறு, ஐந்து ஜோடி மாடு, மாடுகளின் பெயர், எந்த மாடு முட்டும், எது நக்கும் என்பது வரை சொல்வார். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு குடும்பத்தின் பட்டமாகக் கூப்பிட்டு மரியாதை செய்வார்களாம். "வேலவராயர்னு பூசாரி கூப்பிட்டா ஊரே திரும்பிப் பாக்கும்டா" என்பார். 'நம்மளைக் கூப்பிடுவாங்க' என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

1948-இல் புதுக்கோட்டை ராஜ்யம் இந்தியாவோடு சேர்ந்த செய்தியைத் தேநீர்க் கடையில் யாரோ வாசித்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. "ராஜா போயாச்சா? அப்ப நேர்த்தெருவுல நடக்கலாமா?" என்று கேட்டார் அப்பா. ஏன், முன்னால் நடக்க முடியாதா என்று நான் கேட்டேன். "சேறா இருக்கும்" என்றார்.

1961 புரட்டாசியில் அப்பா இறந்தார். அடக்கம் செய்ய நானும் துறைமுகத்துக் கூட்டாளிகள் நாலு பேரும் இருந்தோம். கருமாதிக்கு வந்து நிற்க ஒரு பங்காளி இல்லை. அப்பா வழியில் ஒரே பட்டத்தைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் பங்காளிகள். ஒரு சாவு என்றால் தீட்டுக் காக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்கள் நிற்காத கருமாதி கருமாதியே இல்லை என்று பினாங்கில் ஒரு கிழவர் என் காதுபட முணுமுணுத்தார். அது எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. ஊருக்குப் போவது, பங்காளிகளிடம் சொல்வது, அவர்கள் நின்று செய்ய அப்பாவுக்குக் காரியம் செய்துவிட்டுத் திரும்புவது. பயணத்தின் நோக்கம் இவ்வளவுதான்.

பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். மேல்தளத்துப் பயணி, அதாவது மழை பெய்தால் நனைய வேண்டும், வெயில் அடித்தால் காய வேண்டும். ஆறாம் நாள் கரை தெரிந்தது. அங்கிருந்து தஞ்சாவூருக்கு ரயில், பிறகு ஒரத்தநாடு வழியாகக் கறம்பக்குடிக்குப் பஸ். ஏறக்குறைய முப்பது மைல், கட்டணம் ஒன்றேகால் ரூபாய். இப்போது யாருக்கும் பயன்படாத தகவல், ஆனாலும் எழுதி வைக்கிறேன். தேர்தல் நேரம். வழியெல்லாம் சுவர் தவறாமல் சமத்துவம் எழுதியிருந்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என் கால்சட்டையையும் கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, "சிங்கப்பூரா?" என்று கேட்டார். பினாங்கு என்றேன். அவருக்கு அதுவும் சிங்கப்பூர்தான்.

கறம்பக்குடியில் சந்தை நாள். கருவாடும் நிலக்கடலையும் மண்டிக் கிடந்தன. சந்தை முடிந்து காலியாகத் திரும்பவிருந்த ஒரு மாட்டுவண்டியை மூன்று ரூபாய்க்குப் பேசினேன். வண்டிக்காரர் ஐம்பது வயதுள்ள ஒரு ராவுத்தர். எட்டு மைல், மூன்று மணி நேரம் ஆகும் என்றார். வழியெங்கும் அறுவடை நடந்துகொண்டிருந்தது. வைக்கோல் வாசனையில் எனக்கு என்னவோ சொந்த ஊருக்குத் திரும்புகிற மாதிரியே இருந்தது. முன்பின் பார்த்திராத ஊரைப் பற்றி மனம் எப்படியெல்லாம் பொய் சொல்கிறது பாருங்கள்.

ஊர் நெருங்கியதும் நான் வழி சொல்ல ஆரம்பித்தேன். அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். ஊர் எல்லையில் இலுப்பை மரம், அங்கே இடது கைப்பக்கம் திரும்பி, கண்மாய்க்கரை ஏறி, கரையோடு போய், களத்துமேட்டைச் சுற்றி, வைக்கோல் போருக்குப் பின்னால் இறங்கினால் பெரிய வீடு. ராவுத்தர் மாட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏந்தம்பி, அந்தா நேராத் தெரு போகுது. அதுல போனா பெரிய வீட்டு வாசல். அங்கிட்டு எதுக்குச் சுத்துறீங்க?"

"எங்கப்பா சொன்ன வழி இதுதாங்க. இப்படித்தான் வருவாராம்."

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும்."

அவர் என் முகத்தையும் சட்டையையும் ஒரு தடவை பார்த்தார். கரையோடு ஓட்டிக்கொண்டு வந்து களத்துமேட்டில் நிறுத்தி, வண்டியை வந்த திசைக்கே திருப்பி வைத்தார். "நீங்க போயிட்டு வாங்க. நான் மாட்டை அவுக்கலை. இங்கினயே நிக்கிறேன்" என்றார். காத்திருப்புக்குத் தனியாகக் காசு கேட்பாரோ என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன்.

அப்பா சொன்னது அச்சு அசல் அப்படியே இருந்தது. வைக்கோல் போர், கிணறு, நீளமான மாட்டுக்கொட்டகை. கொட்டகையில் கையை வைத்தபோது கண் கலங்கிவிட்டது. சாணி அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துப் பதறி, "என்ன சாமி கொல்லைப்பக்கமா வாரீங்க? வாசப்பக்கமாப் போங்க" என்றாள். சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன். அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். அந்த வீட்டுக் குடும்பத் தலைவர் அவர்தான். நான் பினாங்கிலிருந்து வருவதாகவும், என் பெயர் தோமாஸ், பட்டம் வேலவராயர் என்றும் சொன்னேன்.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். அவருடைய சொந்தச் சித்தப்பா ஒருவர் ஐம்பது வருஷத்துக்கு முன் பர்மாவுக்குப் போய்த் தொலைந்துபோயிருக்கிறார். என்னை அந்தச் சித்தப்பாவின் வாரிசு என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அங்கே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்திருப்பார், வாரிசு தோமாஸாகத்தானே இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். "வாங்க வாங்க, இங்கிட்டு உக்காருங்க. ஏய், யாரு வந்திருக்கா பாரு, நம்ம பங்காளி!" என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவி வெள்ளித் தம்ளரில் காப்பி கொண்டுவந்தார். தேக்குப் பெஞ்சியில் என்னைப் பக்கத்திலேயே உட்காரவைத்துத் தோளில் கைபோட்டுக்கொண்டார். இலை போடச் சொன்னார். பினாங்கில் யாரும் என்னை அப்படித் தோளோடு அணைத்ததில்லை. அந்த ஐந்து நிமிஷம் நான் ராஜகுமாரன்தான், மரிசெல்.

அப்பா இறந்துவிட்டார், பங்காளிகள் நின்று கருமாதி செய்து கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். "செஞ்சுட்டாப் போச்சு. அது எங்க கடமையில்ல?" என்றார். பிறகு, இலை போடுகிற வரைக்கும் பேசிக்கொண்டிருக்கலாம் என்று ஊரைப் பற்றி அப்பா என்னென்ன சொன்னார் என்று கேட்டார். எனக்குச் சொல்லவா வேண்டும்! மாடுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மயிலை முட்டும், செவலை நக்கும் என்றேன். அவருக்கு ஆனந்தம். "ஆமா, எங்கய்யா காலத்து மாடு! வீட்டுக்குள்ள நடுக்கூடத்துல ஒரு பெரிய பத்தாயம் இருக்குமே, அதைச் சொன்னாரா?"

"உள்ளே எப்படி என்று சொன்னதில்லைங்க. கொட்டகை, கிணறு, களம், இதெல்லாம்தான்."

"கோயில்ல?"

"திருவிழாவில் பட்டம் கூப்பிடுவதைச் சொல்வார். புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாராம்."

தோளில் இருந்த கை மெதுவாக இறங்கியது. "நீங்க எந்த வழியா வந்தீங்க?" என்று கேட்டார்.

"கண்மாய்க்கரை வழியா. அப்பா அப்படித்தான் வருவாராம்."

உள்ளே இலை போட்டுத் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. அவர் கையைத் தூக்கினார், அது நின்றது. "ஒங்கப்பன் பேரு சோலையா?" என்றார். சற்று முன்வரை உங்கப்பாவாக இருந்தவர் ஒங்கப்பனாகிவிட்டார். ஆமாம் என்றேன். "எந்திரி" என்றார்.

எனக்குப் புரிய நேரமாயிற்று. பினாங்கில் வளர்ந்தவன், இதெல்லாம் கதையில் படித்ததோடு சரி. எழுந்தேன். வெள்ளித் தம்ளரை யாரும் தொடவில்லை, அது பெஞ்சியிலேயே இருந்தது. "எங்க மாட்டுக்குச் சாணி அள்ளுன பய. ஓடிப்போயி எம் பேரை வச்சுக்கிட்டுப் பிள்ளை பெத்திருக்கான். நல்லவேளை, பந்தியில ஒக்காரல. இன்னொருக்கா அந்தப் பேரு ஓ வாயில வந்துச்சுன்னா, ஒனக்கு ஒண்ணுமில்ல, நீ கப்பல் ஏறிருவ. இங்கன கீழத்தெருவுல இருக்கிற ஒங்க சனங்களுக்குத்தான் நல்லதில்ல" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டதே என்று மட்டும் சொன்னேன். பள்ளிக்கூட வாத்தியார் புத்தி. அவர் அந்தச் சாணி அள்ளின பெண்ணைக் கூப்பிட்டு, பெஞ்சியில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நான் படி இறங்குவதற்குள் தண்ணீர் என் காலடிக்கு ஓடி வந்துவிட்டது.

ராவுத்தர் களத்துமேட்டிலேயே நின்றிருந்தார். "கீழத்தெருவுக்குத்தானே?" என்றார். ஏறி உட்கார்ந்தேன். அவர் முன்பே ஊகித்திருந்தார் என்றால் ஏன் தடுக்கவில்லை என்று கோபம் வந்தது. கேட்டும் விட்டேன். "நான் சொன்னா நம்பியிருப்பீங்களா தம்பி?" என்றார். நம்பியிருக்க மாட்டேன்.

கீழத்தெரு கண்மாயின் கீழ்க்கோடியில் இருந்தது. வண்டியைப் பார்த்ததும் வேலை முடிந்து வந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முன்னால் வந்த கிழவர் தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சாமி யாருங்க?" என்று கேட்டார். அவருக்கு அப்பாவின் நெற்றி, அப்பாவின் முன்பற்கள். அப்பாவின் தம்பி வெள்ளையன் அவர்தான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. என் சொந்தச் சித்தப்பா என்னைச் சாமி என்று கூப்பிட்டு நிற்கிறார். பெரிய வீட்டில் வராத அழுகை எனக்கு அங்கே வந்தது.

"நான் சோலை மகன். அப்பா புரட்டாசியில் இறந்துவிட்டார்" என்றேன்.

அவர் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, எப்போது, எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. நேரே திரும்பி நடந்து, கண்மாயில் கட்டின வேட்டியோடு இறங்கி, தலை முழுகினார். பின்னாலேயே அவர் மகன்கள், மருமகள்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், இடுப்புக் குழந்தையோடு ஒரு பெண், எல்லோரும் இறங்கினார்கள். பங்காளி சாவு எத்தனை மாதம் கழித்துக் காதில் விழுந்தாலும், விழுந்த இடத்திலிருந்து எழுந்துபோய்த் தலை நனைக்க வேண்டும். அதுதான் கேட்ட தீட்டு. அத்தனை வருஷமாக உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத ஒருவருக்காக அவ்வளவு தலைகள் ஒன்றாக நீருக்குள் போய்விட்டு வந்தன. நானும் கைக்கடிகாரத்தோடு இறங்கினேன். அது அன்றோடு நின்றுவிட்டது, பழுது பார்க்கக் கொடுக்கவில்லை.

ஈரத்தோடு கரையில் உட்கார்ந்தபோதுதான் சித்தப்பா கதையைச் சொன்னார். ஒரு திருவிழாவில் பூசாரி வேலவராயர் என்று கூப்பிட்டிருக்கிறார். பெரிய வீட்டுக்காரர், அதாவது இப்போதுள்ளவரின் தகப்பன், வரத் தாமதம். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது, புளியமரத்துக்கு இந்தப் பக்கம் நம் ஆட்களோடு நின்ற அப்பா, "இந்தா வந்துட்டேன்!" என்று சத்தமாகப் பதில் கொடுத்துவிட்டார்.

"வெளையாட்டுக்குத்தான்யா. வயசு அப்படி. நாங்க சிரிச்சுக்கூட முடிக்கல" என்றார் சித்தப்பா. "அந்தப் புளியமரத்துலயே கட்டி வச்சு அடிச்சாங்க. ஒவ்வொரு அடிக்கும் ஓம் பேரு என்னடான்னு கேப்பாங்க. சோலைன்னு சொல்லணும். சொன்னாலும் அடுத்த அடி. விடிஞ்சு பாத்தா ஆளைக் காணோம்."

பாதிரியார் குடும்பப்பெயர் கேட்டபோது அப்பா ஏன் அந்தப் பதிலைச் சொன்னார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பெயர் இலோயிலோவில் எங்கள் குடும்பப்பெயராகிவிட்டதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அவர் பாதைப் பக்கம் பார்த்து, "மெள்ளச் சொல்லுய்யா" என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

"அண்ணன் பிள்ளைகளுக்கும் அதே பேரா?"

"ஆமா. பெரியவனுக்கு அஞ்சு பிள்ளைங்க. எல்லாருக்கும் அதே பேர்."

"அங்க அதைச் சத்தமாக் கூப்பிடுவாங்களா?"

"பள்ளிக்கூடத்துல தினமும் கூப்பிடுறாங்க சித்தப்பா. கூப்பிட்டா எந்திரிச்சு நின்னு, இருக்கேன்னு சொல்லணும்."

"யாரும் அடிக்கிறதில்லையே?"

"இல்ல."

"அப்பச் சரி" என்றார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். தண்ணீரா, வேறா என்று நான் பார்க்கவில்லை.

கருமாதிக்கென்று தனியாக எதுவும் நடக்கவில்லை. அந்த முழுக்கே போதும் என்றார் சித்தப்பா. ஒரு சட்டியில் கருவாட்டுக் குழம்பும் சோறும் கொடுத்தார்கள். கைகழுவியதும், "பொழுது சாயறதுக்குள்ள போயிருய்யா. அவங்க இன்னேரம் ஆள் விட்டிருப்பாங்க" என்று அவரே வண்டியில் ஏற்றிவிட்டார். சொந்த ரத்தத்தோடு ஒரு ராத்திரி தங்குவதற்கு அந்த ஊரில் எனக்கு இடமில்லை.

1967-இல் மறுபடி போனேன். அதே ராவுத்தர் கறம்பக்குடிச் சந்தையில் இருந்தார், அவர்தான் விவரம் சொன்னார். நான் வந்துபோன வருஷம் கீழத்தெருவில் யாரையும் பெரிய வீட்டார் அறுப்புக்குக் கூப்பிடவில்லையாம். அடுத்த வருஷமும் இல்லை. சித்தப்பா பிழைப்புத் தேடிக் கடற்கரைப் பக்கம் மீமிசலுக்குப் போய்க் கருவாடு காயவைக்கிற இடத்தில் கூலி வேலை பார்த்து, அங்கேயே இறந்துவிட்டார். பிள்ளைகள் ஊர் திரும்பிவிட்டார்கள். நான் ஒரு பெயரைச் சொன்னேன், அவ்வளவுதான். அதற்கு அவர்களின் இரண்டு வருஷச் சோற்றைப் பறித்தவர்களை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வயதானால் எல்லாம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் ஆறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய வீட்டுப் பேரப்பிள்ளைகள் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். ஒருவரும் பட்டத்தைப் போட்டுக்கொள்வதில்லை, வெறும் இனிஷியல்தான் என்று கேள்வி. அந்த வீட்டில் பூட்டுத் தொங்குகிறதாம். அந்தப் பெயர் இன்று தழைத்திருப்பது இலோயிலோவில்தான். அங்கே அது ஒரு பேருந்து ஓட்டுநர், இரண்டு நர்ஸுகள், பன்றி வளர்க்கும் ஒருவர், எண்ணி முடியாத பள்ளிக்கூடப் பிள்ளைகள். இணையதளக்காரர்கள் தோற்றம் என்கிற இடத்தில் அரச குலம் என்று போட்டிருப்பதை அழித்துவிட்டு, மாட்டுக்கொட்டகை என்று போடட்டும்.

மரிசெல், இப்போது நீ கேட்ட விவரங்கள். திருச்சிக்கு விமானத்தில் வாருங்கள். தங்குவதற்குப் புதுக்கோட்டையில் நல்ல விடுதிகள் உண்டு, கிராமத்தில் எதுவும் கிடையாது. ஊர்ப்பெயரை உனக்கு மட்டும் தனியாக அனுப்புகிறேன். கறம்பக்குடியிலிருந்து ஆட்டோ, பத்து நிமிஷத்துக்கு மேல் பேரம் பேசாதீர்கள். நேர்த்தெரு சிமெண்டுச் சாலை ஆகிவிட்டதாம், யார் வேண்டுமானாலும் நடக்கலாமாம். நடந்துகொள்ளுங்கள். ஆனால் ஒரு தடவை கண்மாய்க்கரை வழியாகவும் போய்ப் பாருங்கள், நம் ஆள் வந்த வழி அதுதான். மழை நன்றாகப் பெய்த வருஷமென்றால் தையில் கண்மாயில் தண்ணீர் இருக்கும். கீழ்க்கோடியில் இறங்கித் தலையை நனையுங்கள். குழந்தைகளும் நனையட்டும், சளி பிடித்தால் மாத்திரை இருக்கிறது. சித்தப்பாவின் பேரப்பிள்ளைகள் வீட்டில் சாப்பாடு கொடுப்பார்கள். காரமாக இருந்தாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள்.

அந்தச் சட்டைகளை மட்டும் ஊருக்குள் போடாதீர்கள். நீங்கள் சாயங்காலம் ஆட்டோ ஏறிவிடுவீர்கள். அவர்கள் அங்கேயே இருக்க வேண்டியவர்கள். காலம் மாறிவிட்டது என்று யாராவது சொன்னால், அவர் எந்தத் தெருக்காரர் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

அடித்த சட்டையை வீணாக்கவும் வேண்டாம். இலோயிலோவில் போட்டுக்கொள்ளுங்கள், தினமும்கூடப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், இரண்டாம் தடவைக்குக் காத்திருக்காமல், இதோ வந்துவிட்டேன் என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்லுங்கள். உன் கொள்ளுத்தாத்தா அடி வாங்கியது அந்தப் பதிலுக்குத்தான்.